வாசலுக்கு வந்த கட்டில்

சேவியர்ராஜின் கயிற்றுக் கட்டில் வாசலுக்கு வந்துவிட்டால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சரியில்லை என்று அந்த வரிசைக் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும். மாதம் தவறாமல் வரும். சில நாள் வாசலில் கிடக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போய்விடும். "இந்த மாசச் சண்டை ஆரம்பிச்சிடுச்சு" என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். ஆனால் அவர்களைப் பார்த்தால் சண்டைக்காரர்களாகவும் தெரியாது. அவன் கட்டிலில் மல்லாந்து படுத்து விசிலடித்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி ஜெயசெல்வி காபியை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். இது என்ன ரகச் சண்டை என்று யாருக்கும் பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டுச் செங்கமலத்துக்கு அதையெல்லாம் ஆராய நேரம் இருந்ததில்லை. கட்டில் வெளியே வருகிற சமயமாகப் பார்த்துத்தான் அவளும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வடக்குத்துக் கிராமத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.

செங்கமலத்துக்குச் சூட்டு உடம்பு. அப்படித்தான் அவள் அம்மா வீராயி தீர்ப்புச் சொல்லியிருந்தாள். மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டபின் ஒரு வாரம் போல நிம்மதியாகத்தான் இருப்பாள். அப்புறம் உள்பாவாடையில் வழவழவென்று படும். அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுண்டிச் சுண்டி வலிக்கும், ஒரு மாதம் இடது பக்கம், இன்னொரு மாதம் வலது பக்கம். வெட்கத்தோடு அம்மாவிடம் சொன்னாள். "வெள்ளபடுது. வேற ஒண்ணுமில்ல, சூடு" என்று வீராயி முடிவு கட்டிவிட்டாள். உச்சியில் விளக்கெண்ணெய், காலையில் ஊறவைத்த வெந்தயம், கழுவியெடுத்த சோற்றுக்கற்றாழை மோரில். இதையெல்லாம்விட முக்கியமான பத்தியம் ஒன்று உண்டு. சூடு தணிகிற வரைக்கும் புருஷன் பக்கத்தில் படுக்கக் கூடாது. அதனால்தான் அம்மா வீடு. வயற்காட்டு வேலைக்குப் போய் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள் வீராயி. அவள் சொன்னால் செங்கமலத்துக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

புருஷன் குஞ்சிதபாதமாவது குறுக்கே பேசினானா என்றால், அதுவும் இல்லை. அவன் மைன்ஸில் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் ஊற்றுத்தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, இரவும் பகலும் இறைக்காவிட்டால் மைன்ஸ் குளமாகிவிடும் என்று கல்யாணமான முதல் வாரமே அவளுக்கு வகுப்பெடுத்தவன். பம்புக்குச் சூடு ஏறினால் என்ன செய்ய வேண்டும்? நிறுத்தி ஆறவிட வேண்டும். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், அதையே அவன் பெண்டாட்டிக்கும் செய்தான். அவள் இடுப்பில் கை வைப்பதைக் கண்டாலே பரணிலிருந்து பையை எடுத்துத் தட்டிக் கொடுப்பான். அவளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டில் தனியாகக் கிடந்து என்ன செய்வது என்று, வேறொருவனுடைய நைட் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு மைன்ஸுக்குப் போய்விடுவான். தங்கமான புருஷன் என்று வரிசையே மெச்சியது. செங்கமலமும் மெச்சினாள்.

நான்கு வருஷமாகக் குழந்தை இல்லை.

மாமியார் மாணிக்கம்மாள் புவனகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும்போதெல்லாம் மருமகளின் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பாள், அப்புறம்தான் முகம். மகனுக்கு இன்னொரு பெண் பார்க்கலாமா என்று ஒரு தடவை வாயெடுத்தாள். ரெண்டு பெண்டாட்டி கட்டினால் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை போய்விடும் என்று மகன் சொன்னதும் அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு ஏற்பாடு செய்தாள். மூத்த மகனுக்கு நான்கு குழந்தைகள். அதில் கடைசியைத் தை பிறந்ததும் கொண்டுவந்து இங்கே விட்டுவிடுவது. "வூட்டுல ஒரு புள்ள வெளையாடணும்ல? உனக்கும் பொழுது போவும்" என்றாள். செங்கமலம் தலையை ஆட்டினாள். அந்தக் குழந்தைமேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது வந்துவிட்டால் உனக்கு இனிமேல் பிறக்காது என்று முத்திரை குத்திவிட்டதாகத்தான் அர்த்தம். அன்றைக்கு அடுப்படியில் புகை பட்டதாகச் சொல்லிக்கொண்டு வெகு நேரம் அழுதாள்.

ஆவணி மாதம் ஒருநாள் கம்பெனி பஸ்ஸை அரை நிமிஷத்தில் தவறவிட்டுவிட்டு, பையோடு திரும்பி வந்தாள் செங்கமலம். ஜெயசெல்வி வாசலில் கட்டில் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தாள்.

"என்னாடி, பஸ்ஸ வுட்டுட்டியா?"

"ஆமாக்கா. நாளைக்குத்தான் போவணும்."

ஜெயசெல்வி கயிற்றை விட்டுவிட்டு அருகில் வந்தாள். செங்கமலத்தைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அதற்குள் மூன்று பிள்ளைகள். "நானும் பாத்துகினுதான் இருக்கேன். நான் கட்டில வெளிய போடும்போதெல்லாம் நீ பையத் தூக்கிகினு கெளம்பற. எங்க வூட்டுக்காரரு கேக்கறாரு, அந்தப் பொண்ணுக்கும் சிஸ்டரு சொல்லிக் குடுத்துட்டாங்களான்னு."

"எந்த சிஸ்டரு? என்னா சொல்லிக் குடுத்தாங்க? நீங்க சண்ட போட்டுகினுதான கட்டில வெளிய போடறீங்க?"

ஜெயசெல்வி கட்டிலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டாள், குரலைத் தணித்தாள்.

மூன்றாவது பிரசவத்தில் பிழைத்ததே ஆண்டவர் புண்ணியம். இனி கொஞ்ச காலத்துக்கு வேண்டாம் என்றார் டாக்டர். கருத்தடை மாத்திரைக்கு அவர்களுடைய மாதா கோயிலில் ஒப்பவில்லை. அப்போதுதான் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சிஸ்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார், உடம்பே அடையாளம் காட்டும், அதைப் பார்க்கக் கற்றுக்கொள் என்று.

"தலைக்கு ஊத்தி முடிச்சதும் கொஞ்ச நாளு வறண்டு இருக்கும்ல? அப்புறம் பசையாட்டம் வரும். அதுக்கப்புறம் பாரு, கோழி முட்டைய ஒடச்சா வர்ற வெள்ளக்கருவாட்டம், கண்ணாடி மாதிரி. ரெண்டு வெரலால இழுத்தா அறுந்து போவாம நூலா நீளும். நம்ம வயித்துல மாசத்துக்கு ஒரு முட்டை ஊறுதாம். அது வெளிய வர்ற நாளு கிட்ட வந்துடுச்சுன்னு அதான் அடையாளம்."

"முட்டையா? நமக்கா?"

"அட, கோழிதான் போடணும்னு சட்டமா? கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாம். சில பேருக்கு ஒரு பக்கம் சுருக்குனு வலிக்குமாம். எனக்கு வலி கெடையாது, இந்த வழவழப்புதான். அந்த நாளுங்கள்ல ஆம்பள பக்கத்துல படுத்தா அவ்ளோதான், எனக்கு நாலாவது வந்து நிக்கும். அதனால அந்த மனுசனக் கட்டிலோட வெளிய தள்ளிடுவேன். காஞ்சு போயி இன்னும் ரெண்டு மூணு நாளு கழிச்சு உள்ள கூப்புட்டுக்குவேன்."

செங்கமலம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, நீ எதுக்குப் போற?" என்றாள் ஜெயசெல்வி.

செங்கமலம் சொன்னாள். வெள்ளைபடுவது, வலி, சூடு, விளக்கெண்ணெய், பத்தியம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஜெயசெல்வியின் கை வாய்க்குப் போய்விட்டது.

"நாத்தம் இருக்கா? அரிப்பு எரிச்சல்? தயிராட்டம் திரிதிரியா வருதா?"

"இல்லக்கா. நீங்க சொன்னாப்லதான். கண்ணாடி மாதிரி."

"அப்பிடின்னா அது சீக்கே இல்லடி. சீக்கா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போவணும். இது ஒடம்பு 'இப்ப வாங்க'ன்னு வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடற நாளு. நீ அன்னிக்குப் பார்த்து வூட்டப் பூட்டிகினு ஊருக்குப் போயிடற!"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நான்கு வருஷம்! அவள் குடித்த கற்றாழைக்கு அளவுண்டா? அந்த நாள்களில் காரணமே இல்லாமல் மனசு குதியாட்டம் போடும்; பாத்திரம் விளக்கும்போது பாட்டு வரும்; புருஷன் சட்டையை மடிக்கும்போது ஒரு முறை முகர்ந்து பார்க்கத் தோன்றும். அதையும் சூடு என்றே நினைத்து, பாட்டை அடக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள். தன் உடம்புமேல் அவளுக்கே பாவமாக இருந்தது. அது மாதாமாதம் கரடியாகக் கத்தியிருக்கிறது, இவர்கள் எல்லோரும் சேர்ந்து அதன் தலையில் எண்ணெயைத் தடவியிருக்கிறார்கள்.

அன்றைக்குக் குஞ்சிதபாதம் வழக்கம்போல நைட் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தான். அவளும் வாய் திறக்கக் கூச்சப்பட்டாள், அந்த மாதம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள். பாதியை மென்று விழுங்கினாள், மீதியைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"சூடு இல்லியா அது?"

"இல்லீங்க."

"சிஸ்டரே சொன்னாங்களா?"

"அவுங்க சொல்லி ஜெயசெல்வியக்கா ரெண்டு வருசமாக் கட்டில வெளிய போட்டு வச்சிருக்காங்க. நாலாவது வந்துதா? வரல. அப்போ மெய்தான?"

குஞ்சிதபாதம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். "நல்லா ஓடற மிஷின நானே சுட்ச்ச ஆப் பண்ணிப்புட்டு, ஏன் ஓடலன்னு நாலு வருசமா மானத்தப் பாத்துகினு நின்னிருக்கேன்" என்றான். அவள்தான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

புரட்டாசியில் செங்கமலம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வறண்டது, பசையானது, ஒருநாள் காலையில் கண்ணாடியானது. இரண்டு விரலை விரித்துப் பார்த்தாள். நூல் அறுபடாமல் நீண்டது. வலது பக்கம் லேசாகச் சுண்டியது. இத்தனை வருஷம் முகம் சுளித்த வலியை அன்றைக்கு வாசலில் நின்று வரவேற்காத குறைதான். குஞ்சிதபாதம் ஷிப்டை யாரிடமும் மாற்றவில்லை. காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்தான், தலைக்குக் குளித்தான், மெயின் பஜார் வரை சைக்கிளில் போய்ப் பூ வாங்கி வந்தான். கல்யாணமாகி நான்கு வருஷமான இருவரும் பெண் பார்க்கும் சடங்கில் உட்கார்ந்தவர்கள் போல ஒருவரையொருவர் பார்க்காமல் காபி குடித்தார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. "கமலம், என்னாடி வர்ல? ரொம்ப முடியலியா?"

வீராயி. ஒரு கையில் விளக்கெண்ணெய்ச் சீசா, இன்னொரு கையில் முழங்கை நீளத்துக்கு நான்கு கற்றாழை மடல்.

போன மாதமும் மகள் வரவில்லை, இந்த மாதமும் காணோம். பெற்ற வயிறு கேட்குமா? வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்தவள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "கொதிக்குதே!" என்றாள். வெட்கத்தில் கொதித்தது அது. பாயை எடுத்து அறையின் நடுவில் விரித்தாள். "மாப்ள, நீங்க தப்பா நெனைக்காதீங்க. நான் இவகூடப் படுத்துக்கறேன், நீங்க வாசல்ல காத்தாடப் படுங்க" என்றாள். குஞ்சிதபாதம் பம்ப் நின்றுபோன ஆபரேட்டர் முகத்தோடு பூப்பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது? செங்கமலம் பின்கட்டு வழியாக ஓடி வேலிக்கு அந்தப் பக்கம் கிசுகிசுத்தாள். ஜெயசெல்வி முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "இரு, வர்றேன்" என்று முந்தானையைச் செருகினாள்.

சற்று நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வீராயிம்மா, நீங்க வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கும் அதே சூடுதாங்க. வெள்ளையா போவுது. மூணு புள்ளைங்கள வச்சிகினு நான் யாருகிட்டப் போவேன்? எங்க அம்மாவும் இல்ல. ஒரு ராத்திரி எங்கூட வந்து படுத்து வைத்தியம் பாருங்களேன்."

சொன்னதில் முக்கால்வாசி உண்மை. சூடு என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டதும் மட்டும்தான் நடிப்பு.

வீராயிக்கு முகம் மலர்ந்தது. டவுன்ஷிப்பில், கரண்டு விளக்குப் போட்ட வீட்டில், தன் வைத்தியத்துக்கு ஆள் வந்து நிற்கிறது. இருந்தாலும் மகளைப் பார்த்தாள். "நான் கத்தாழ குடிச்சிட்டேம்மா, எண்ணெயும் வச்சிக்கறேன், நீ போ. பாவம், அக்காவுக்கு யாரு இருக்கா?" என்றாள் செங்கமலம். சோற்றுக்கற்றாழை மடலில் இரண்டை அங்கேயே வைத்துவிட்டு, மீதியோடு வீராயி பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அப்புறம் அங்கே நடந்ததை ஜெயசெல்வி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வீராயி நிலைப்படிக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துவிட்டாளாம். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வரப்பார்த்த சேவியர்ராஜை, "அங்கியே நில்லு தம்பி, சொம்பு அங்க வரும்" என்று நிறுத்திவிட்டாளாம். மருந்து மாத்திரை வேண்டாம், கட்டில்கூட வேண்டாம், இந்த அம்மா ஒருத்தி போதும் என்றாள் ஜெயசெல்வி.

அந்த மாதம் ஒன்றும் ஆகவில்லை. நாள் வந்து விலக்கானபோது செங்கமலம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "முட்ட போட்டதும் குஞ்சு பொரிஞ்சிடுமாடி? பொறுத்துக்க" என்று வேலிக்கு அப்பாலிருந்து அதட்டல் வந்தது. ஐப்பசியிலும் வீராயியை ஜெயசெல்வி அழைத்தாள், கார்த்திகையிலும் அழைத்தாள். வீராயியும் மகளை நலம் விசாரித்துவிட்டு, எண்ணெய்ச் சீசாவோடு நேரே பக்கத்து வீட்டுக்குப் போகப் பழகிவிட்டாள்.

தை பிறந்தது. மாணிக்கம்மாள் சொன்னபடி பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பொங்கல் பானையில் நெய் ஊற்றிய வாசனை எழும்பியது. செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். மாமியார் முதல் தடவையாக வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். பேரன் இரண்டு கிண்ணம் பொங்கல் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் பாட்டியோடு ஊர் திரும்பினான்.

வீராயிக்குக் கால் தரையில் பாவவில்லை. வைகாசியில் வளைகாப்பு முடிந்ததும் மகளோடு வந்து தங்கிவிட்டாள். ஒருநாள் சாயங்காலம் செங்கமலத்தின் வீங்கிய காலை மடியில் வைத்து நீவிக்கொண்டே, "எல்லாம் அந்தக் கத்தாழதான். நாலு வருசம் குடுத்தது வீணாப் போவுமா?" என்றாள்.

செங்கமலம் சிரித்துக்கொண்டாள்.

"எனக்கும் உன்னாட்டமே சூட்டு ஒடம்புடி. எங்க அம்மா மாசாமாசம் ஓடைக்கு அந்தாண்ட இருந்து ஆள் அனுப்பிக் கூட்டிகினு போயிடும். கட்டிக் குடுத்து ஆறு வருசம் ஒரு மாசம் தப்புனதில்ல. ஒரே ஒரு ஐப்பசி, பேய்மழ பேஞ்சு ஓட ஒடைச்சிகிச்சு. போவ முடியல. மருந்தில்ல, பத்தியமில்ல, அந்த ஒத்த வூட்டுல உங்கப்பாரும் நானும். ஒடம்புக்கு என்னா ஆவுமோன்னு பயந்துகினே இருந்தேன். பாத்தா, அந்த வாட்டிதான் நீ தங்கின." கை நீவுவதை நிறுத்தவில்லை. "அதுக்கப்புறம் ஒழுங்கா மாசாமாசம் போயி மருந்து குடிச்சேன். என்னாவோ, மறுபடி நிக்கவே இல்ல. உங்கப்பாரு சாவற வரைக்கும் இன்னொண்ணு இன்னொண்ணுன்னு ஏங்கிகினே போனாரு."

செங்கமலத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடை உடைக்காவிட்டால் தானே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். சொன்னால் அம்மா தாங்குவாளா? ஆனால் இத்தனை நாள் சொல்லாமல் அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியதே நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அது சூடு இல்லம்மா" என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல்.

வீராயியின் கை மகளின் கணுக்காலில் அப்படியே நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது. "எங்கம்மாவுக்குத் தெரியாது, பாவம்" என்றாள் ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் தெரியாதுடி" என்றாள். செங்கமலம் எட்டி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நடுவில் வயிறு இடித்தது.

வெளியே கட்டில் கால் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயசெல்வி குரல் கொடுத்தாள். "வீராயிம்மா! எனக்குச் சூடு வந்துடுச்சுங்க!"

வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து மூலையிலிருந்த பாயைச் சுருட்டி எடுத்தாள். எண்ணெய்ச் சீசாவைத் தேடினாள், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"வைத்தியம் நல்ல வைத்தியந்தான்டி. பாக்க வேண்டிய வூடுதான் மாறிப்போச்சு" என்றாள். பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு நிலைப்படிக்குப் படுக்கப் போனாள்.